பொன்னுக்கு வீங்காத தாடை

எங்கள் அப்பா குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டியை அடிக்கிற ஆள் என்று பேச்செடுத்தாலே கேட்பவர்களுக்கு ஒரு பாட்டில் ஞாபகம் வந்துவிடுகிறது. "குடிச்சிட்டா?" என்பார்கள். ஆமாம் என்று சொன்னால் அந்த ஆளுக்குப் பாதி மன்னிப்பு அங்கேயே கிடைத்துவிடும். எங்கள் அப்பாவுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. அவருக்குக் குடி இல்லை, பீடி இல்லை, சீட்டு இல்லை. படாளத்தை ஒட்டிய எங்கள் ஊரில் தங்கமான மனுஷன் என்று பெயர் வாங்கியவர்.

நாவலூரில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். வண்டியில் ஏறுகிற இருபத்திரண்டு வயசுப் பெண்களை மேடம் என்று கூப்பிடுவார். அவர்கள் அவரை அண்ணா என்பார்கள். ஹாரனைக்கூட அதிர்ந்து அடிக்காதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அடிக்க வேண்டியதையெல்லாம் வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்தார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்மேல் அவர் கை வைத்ததே இல்லை. "பொம்பளப் புள்ள. அதும்மேல கை வெச்சா வெளங்குமா" என்பார். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். திட்டியதுகூட இல்லை. அதனால் நான் அடிபடுகிற வீட்டுப் பெண் என்று என்னை நினைத்ததே கிடையாது. வகுப்பில் முதுகில் வரி வரியாகத் தழும்போடு ஒருத்தி இருந்தாள். அவளைப் பார்த்து நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை யூனிபார்ம். வீட்டுக்குள் வந்ததும் அதைக் கழற்றி நாற்காலியில் எறிந்தால் அன்றைக்குத் தப்பித்தோம். கழற்றி, உதறி, ஹேங்கரில் மாட்டி, மேல் பட்டனையும் போட்டு ஆணியில் தொங்கவிட்டார் என்றால் அடி உண்டு. சட்டையில் கறை பட்டால் கம்பெனியில் கேட்பார்கள் இல்லையா. பிறகு அம்மாவை உள்ரூமுக்குள் கூப்பிடுவார். சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டார். சாதாரணமாக, சோப்பு எங்கே வைத்தாய் என்று கேட்கிற குரலில்தான் கூப்பிடுவார். அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் போவாள். கதவு சாத்திக்கொள்ளும்.

அம்மா கத்தமாட்டாள். நைட்டிக்கு மேல் தோளில் போட்டிருக்கிற துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். வெளியே எனக்குக் கேட்கக் கூடாதாம். எனக்கு எல்லாம் கேட்டது. உள்ளங்கை விழுகிற சத்தம் வேறு, முட்டி விழுகிற சத்தம் வேறு. சுவரில் தலை மோதினால் ஹாலில் அதை ஒட்டி நிற்கிற பீரோ ஒருமாதிரி அதிரும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் துண்டுக்குள்ளிருந்து ஒரு மூச்சு வரும். அந்த மூச்சு வருகிறவரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வந்துவிட்டால் அம்மா இருக்கிறாள் என்று அர்த்தம்.

என் தாடை முதல் முதலில் சத்தம் போட்டது மாமல்லபுரத்தில். ஒன்பதாவது அரைப்பரீட்சை லீவு. கம்பெனிக்காரர்கள் ஒருநாள் கடற்கரைக்குப் போகக் கிளம்பினார்கள். "அண்ணா, ஃபேமிலியையும் கூட்டிட்டு வாங்க, வண்டியில இடம் இருக்கு" என்று ஒரு மேடம் சொல்லிவிட்டாள். அப்பாவால் மேடம்களிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. நானும் அம்மாவும் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனோம். அம்மா எனக்குத் தெரிந்து அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. முட்டிவரைக்கும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். நன்றாக இருந்தாள்.

அந்த மேடம் எங்களுக்குச் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள்: "ஆண்ட்டி, அண்ணா வீட்லயும் இவ்ளோ சாஃப்டா?"

அம்மா சிரித்துவிட்டாள். மூக்கு வழியாக ஒரே ஒரு சிரிப்பு, ஒரு நொடிகூட இருக்காது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில்களோடு நின்றிருந்த அப்பாவும் சேர்ந்து சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வா, வண்டியில சாப்பாட்டுப் பாத்திரம் கீது, எடுத்தாரலாம்" என்று அம்மாவைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

சவுக்கு மரங்களுக்கு நடுவில் வண்டிகள் நின்ற இடம். பட்டப்பகல். அப்பா என்னிடம், "பாப்பா, நீ வெளிய நின்னு துன்னுகினு இரு" என்றார். சட்டையைக் கழற்றி ஜன்னலுக்கு மேல் இருக்கிற கைப்பிடியில் ஹேங்கரோடு மாட்டினார். வேனில் ஹேங்கர் வைத்திருக்கிறார் என்பதை அன்றுதான் பார்த்தேன். அம்மா ஏறினாள். அப்பாவும் ஏறிக் கதவை இழுத்து மூடினார். கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர், உள்ளே ஒன்றும் தெரியாது. வண்டி ஆட ஆரம்பித்தது.

பக்கத்தில் ஒரு குடும்பம் துணி விரித்துப் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சங்கு மாலை விற்கிறவள் ஒருத்தி வந்து, "வாங்கிக்கம்மா, ஒன்னோட கலருக்கு எடுப்பா இருக்கும்" என்று என்னிடம் நின்றாள். என் பின்னால் வேன் ஸ்பிரிங் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. நான் சோளத்தைக் கடித்துக்கொண்டே இருந்தேன். முத்து தீர்ந்து சக்கையைக் கடிக்கிறேன் என்று தெரியவில்லை. அப்போதுதான் காதுக்குப் பக்கத்தில் டக் என்றது. யாரோ சுள்ளியை ஒடித்தது மாதிரி இருந்ததால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்புறம் வலி வந்தது.

அம்மா இறங்கும்போது தலை வாரியிருந்தாள், பவுடர் போட்டிருந்தாள். வலது கண்ணுக்குக் கீழே மட்டும் பவுடர் ஒட்டவில்லை. சாப்பிட்ட பிறகு போட்டோ எடுத்தார்கள். அந்த மேடம் தன் கூலிங் கிளாஸை எடுத்து அம்மாவுக்கு மாட்டி, "ஆண்ட்டி செம ஸ்டைல்" என்றாள். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் அம்மா அழகு என்கிறார்கள்.

இப்போது நானும் கூடுவாஞ்சேரியிலிருந்து அதே நாவலூருக்கு அப்படி ஒரு வேனில்தான் வேலைக்குப் போகிறேன். டிரைவரை அண்ணா என்கிறேன். நல்ல மனுஷராகத் தெரிகிறார். வீட்டில் எப்படி என்று அவர் மனைவியிடம் நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். கொட்டாவி விட்டால் என் தாடை இன்னும் டக் என்கிறது. பக்கத்து சீட்டுக்காரிக்கே கேட்கும்.

பத்தாவது போனபோது காலையில் எழுந்ததும் காதிலிருந்து நெற்றிப்பொட்டு வரை வலிக்கும். சப்பாத்தி மெல்ல முடியாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று அம்மா சொன்னாள். வயிற்றில் பூச்சி இருந்தால் அப்படிக் கடிப்பார்கள் என்று பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எந்தப் பூச்சியும் வரவில்லை. அதன் பிறகு முகம் வீங்கியது. இரண்டு பக்கமும் காதுக்குக் கீழே புடைத்துக்கொண்டு, என் முகம் சதுரமாகிவிட்டது.

எதிர்வீட்டில் ஒரு அத்தை இருந்தாள். உறவு முறையெல்லாம் இல்லை, தெருவில் கூப்பிடுகிற முறை. அவள் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"பொன்னுக்கு வீங்கி. இன்னாத்துக்கு யோசிச்சிகினு கீற? கழுத்துல தங்கம் போட்டு வுடு, எறங்கிடும்."

அந்த வியாதிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் வைத்தியம். தாடை பொன்னைக் கேட்டு வீங்குகிறதாம், கழுத்தில் பொன் ஏறினால் சமாதானமாகிவிடுமாம். அம்மாவிடம் தாலியைத் தவிரத் தங்கம் இல்லை, அதுவும் மஞ்சள் கயிற்றில்தான் இருந்தது. அத்தை தன் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். "எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பேஜாராய்டும். உன் வூட்டுக்காரருக்கும் சொல்லாத, அவரு எங்காளுகிட்ட பேசுவாரு" என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து என் கன்னத்தில் பற்றுப் போட்டு, செயினைத் துப்பட்டாவுக்குள் மறைத்துவிட்டாள். ஒட்டுவாரொட்டி என்பதால் வீக்கம் வடிகிறவரை வரவேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. அடி என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறும், லீவு நாளும். நான் வீட்டில் இருக்கும்போது நடப்பதுதானே எனக்குத் தெரியும்? காலை ஷிப்டை இறக்கிவிட்டு அப்பா பத்தரைக்கு வருவார். மூன்று மணி ஷிப்டுக்குத் திரும்பக் கிளம்பினால் நான் தூங்கிய பிறகுதான் வருவார். நடுவில் உள்ள நேரமெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறேன். சாயங்காலம் நான் வரும்போது வீடு பெருக்கியிருக்கும், காபி இருக்கும், அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்திருப்பாள்.

லீவின் முதல் நாள் திங்கட்கிழமை. சட்டை ஹேங்கருக்குப் போனது. செவ்வாய் நாற்காலிக்கு. புதன் ஹேங்கர். வியாழன் ஹேங்கர். சாம்பாரில் புளி தூக்கலாக இருந்ததற்கு ஒரு நாள். ஃபோன் அடித்து மூன்றாவது ரிங்கில் எடுத்ததற்கு ஒரு நாள். புதன்கிழமை காரணமே சொல்லவில்லை. நான் ஹாலில் பற்றுப் போட்ட கன்னத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக நான் பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே இது நடந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்கு அம்மாமேல் ஆத்திரம் வந்தது. அப்பாமேல் வரவில்லை, அவர்மேல் பயம்தான் வந்தது. ஆத்திரம் எப்போதும் திருப்பி அடிக்காதவர்கள்மேல்தான் வருகிறது. வீக்கம் வடியவில்லை. நாளுக்கு நாள் கெட்டிப்பட்டது. அத்தை வந்து பார்த்துவிட்டு, தங்கம் போதவில்லையோ என்று சந்தேகப்பட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். வாய் அவ்வளவுதான் திறந்தது. குனிந்தபோது செயின் துப்பட்டாவைத் தாண்டி வெளியே தொங்கியது. அப்பா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு விரலால் செயினைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா கீதே. யாருதும்மா?"

அம்மா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். "எங்கம்மாவுது. பழைய பொட்டியில கெடந்துச்சு" என்றாள்.

"உங்கம்மா செத்து நாலு வருசம் ஆவுது. எனக்குத் தெரியாத பொட்டி எந்த வூட்ல கீது?" என்றார் அப்பா. எழுந்து சட்டையைக் கழற்றினார். உதறினார். ஹேங்கரில் மாட்டினார். மேல் பட்டனைப் போட்டார். அப்புறம் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் முழங்காலில் கை வைத்துக் கேட்டார்.

"பாப்பா, நீ பொய் சொல்ல மாட்ட. இது யாரு குடுத்தது? நீ சொன்னீன்னா உங்கம்மாவ வுட்டுடறேன்."

அவர் வார்த்தை தவற மாட்டார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் விட்டுவிடுவார். அவர் தோளுக்குப் பின்னால் அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். சத்தியம் பண்ணியிருக்கிறாளாம். எனக்கு எந்தச் சத்தியமும் இல்லை. அத்தை என்ற ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன். காதடியில் டக் என்று ஏதோ நகர்ந்து, தாடை ஒரு பக்கமாக இழுத்து நின்றுவிட்டது. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நகம் நுழைகிற இடம்தான் இருந்தது. ஒண்ணாவதில் டீச்சர் 'அ' சொல்லிக் கொடுக்கும்போது வாயை நல்லாத் திற என்பாள். அந்த 'அ' எனக்கு வரவில்லை.

அப்பா எழுந்து அம்மாவைக் கன்னத்தில் அறைந்தார். திரும்பி என்னைப் பார்த்து, "சொல்லும்மா" என்றார். முடியைச் சுற்றிப் பிடித்துத் தலையைப் பீரோவில் மோதினார். "சொல்லு பாப்பா." அம்மா கீழே விழுந்தாள். விலாவில் உதைத்தார். "ஏன்மா சொல்ல மாட்டேன்றே?" உதைக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது, என்னிடம் கேட்கும்போது குரல் இறங்கிவிடும். ஒவ்வொரு அடியும் நான் சொல்லாததற்காக விழுந்தது. அவர் அடித்தார், கணக்கு என் பேரில் ஏறியது.

பல்லைக் கடித்துக்கொண்டே பேசலாம், எத்தனையோ பேர் பேசுகிறார்கள். இதை நான் பிறகு ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். அன்றைக்குத் தொண்டையும் சேர்ந்து மூடிக்கொண்டது. தாடை தானாகப் பூட்டிக்கொண்டதா, பயத்தில் நான் பூட்டினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டாக்டர்களுக்கும் தெரியவில்லை.

பேச முடியாததால் கையை நீட்டினேன். ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டைக் காட்டினேன்.

அப்பா அந்தப் பக்கம் பார்த்தார். எதிர்வீட்டு மாமா வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவனா?" என்று அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "எதிர்வூட்டுக்காரன் உனக்குச் செயின் வாங்கித் தரானா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை இல்லை என்று கழுத்து வலிக்கிற அளவுக்கு ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால்தானே? அதுவரை அவர் அடித்தது அடியே இல்லை. அம்மாவைத் தரதரவென்று உள்ரூமுக்கு இழுத்தார். எப்போதும் தானாக நடந்து போகிற அம்மா அன்றைக்குப் போகவில்லை. கதவு நிலையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். அவர் உள்ளே நின்றபடி கதவைச் சாத்தினார். கை விடவில்லை. மறுபடி ஓங்கிச் சாத்தினார்.

துண்டு ஹாலிலேயே விழுந்து கிடந்தது. எங்கள் அம்மா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தை தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். என் கழுத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணா, அது என் செயின்ணா. புள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கின்னு நான்தான் போட்டு வுட்டேன்" என்று கதவைத் தட்டிச் சொன்னாள். உள்ளே சத்தம் நின்றது. அப்பா வெளியே வந்தார். ரத்தம் அவர் பனியனில் கொஞ்சம் பட்டிருந்தது. என்னைப் பார்த்து, "மொதல்லியே சொல்லியிருக்கலாமே பாப்பா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பனியனை மாற்றி, சட்டையைப் போட்டு, மூன்று மணி ஷிப்டுக்கு முன்னால் வண்டியைக் கழுவ வேண்டும் என்று கிளம்பிப் போனார்.

அம்மாவின் மணிக்கட்டு திரும்பியிருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். அத்தையும் வந்தாள். பஸ் வருவதற்குள் என் கழுத்திலிருந்து செயினைக் கழற்றித் தன் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, "கோவிச்சிக்காத கண்ணு" என்றாள். அம்மாவிடம், "வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லு. இல்லன்னா போலீஸ் கேஸ் ஆய்டும்" என்றாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்காக ஓடி வந்தது அவள் ஒருத்திதான்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் காயத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு ரிஜிஸ்டர் உண்டு. எப்படி ஆச்சு என்று கேட்டு எழுதுவார்கள். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள் அம்மா. எழுதிக்கொண்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இழுத்துக் கட்டும்போது அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கட்டுப் போட்ட டாக்டர், சுவரோரம் ஒரு பக்கமாகக் கோணிய வாயோடு நின்ற என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு என்ன?" என்றார்.

"அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி சார். இப்ப வாயும் தொறக்க மாட்டேங்குது."

அவர் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களைப் பல் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கலாம். கையுறை மாட்டிக்கொண்டு என் காதுக்குக் கீழே அழுத்தினாள். பிறகு தாடை மூலையில் விரலை வைத்து, பல்லைக் கடிக்கச் சொன்னாள். கடித்தேன். இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு வந்தது.

"இது பொன்னுக்கு வீங்கி இல்லம்மா. சுரப்பி வீங்கல. இது சதை" என்றாள் அம்மாவிடம். "ஜிம்முக்குப் போறவங்களுக்குக் கை பெருக்குற மாதிரி, கடிச்சுக் கடிச்சு இந்தச் சதை பெருத்திருக்கு. பல்லெல்லாம் நுனி தேஞ்சு கிடக்கு, பாருங்க."

"பத்தாவது இல்லீங்களா. பரிச்ச பயம்" என்றாள் அம்மா.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாள். "வீட்ல உன்னை யாராவது அடிப்பாங்களா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். பொய்யில்லை. அம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, "அவமேல ஒரு அடி வுழுந்தது கெடையாதுங்க. நான் வுட்டதில்ல" என்றாள்.

டாக்டரம்மா அம்மாவின் ஈரம் காயாத மாவுக்கட்டைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இவ வயசுல அடி வாங்கணும்னு இல்லம்மா. பக்கத்துல இருந்து பாத்தாலே, கேட்டாலே போதும், உடம்பு பிடிச்சுக்கும். தாடை வலிக்குதுன்னு இந்த வயசுப் புள்ளைங்க வருது. பல்லுல ஒண்ணும் இருக்காது. வீட்ல என்னன்னு கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லுதுங்க" என்றாள்.

அம்மா டாக்டரம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் துண்டக் கடிச்சிகினுதானே இருந்தேன். சத்தமே வராதே. உனக்குக் கேட்டுச்சா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எல்லாமா?"

எல்லாம்தான் என்றேன், தலையால். அம்மா அழவில்லை. அடிபட்டதற்கு அழாதவள் இதற்கு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் இருந்ததெல்லாம் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். டாக்டரம்மா சுடுதண்ணீர்த் துணி ஒற்றி, கடைவாய்ப் பற்களின் மேல் கட்டை விரலை வைத்துத் தாடையை மெதுவாகக் கீழே அழுத்தினாள். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தது. மூன்று விரல் நுழையணும், அடுத்த வாரம் வா, தூங்கும்போது போட ஒரு கிளிப் செய்து தருகிறேன் என்றாள். உதடு மூடியிருக்கட்டும், பல்லும் பல்லும் தொடவே கூடாது என்றாள்.

வெளியே வந்ததும் அம்மா ஆஸ்பத்திரி கேட் பக்கம் போகவில்லை. முதலில் பெயர் எழுதிய இடத்துக்குப் போய் மறுபடி வரிசையில் நின்றாள். எங்கள் முறை வந்ததும் ரிஜிஸ்டர்காரர் நிமிர்ந்து, "உனக்குத்தான் கட்டுப் போட்டாச்சேம்மா, இன்னா வோணும்?" என்றார்.

"நான் வழுக்கி வுழல. பொய் சொன்னேன். என் வூட்டுக்காரர் கதவுல வெச்சு ஒடைச்சாரு. மாத்தி எழுதிக்குங்க" என்றாள் அம்மா. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"எழுதுனா ஸ்டேஷனுக்குப் போய்டும். நாளைக்கு வந்து திரும்ப மாத்துன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"பாத்தவங்க யாராச்சும் கீறாங்களா?"

அம்மா நல்ல கையால் என் முதுகில் தள்ளி என்னை முன்னால் நிறுத்தினாள். "என் பொண்ணு. எல்லாம் கேட்டுகினு இருந்தவ. இப்ப வாயால சொல்ல முடியாது, எழுதுவா."

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். பேனாவை எடுக்கும்போதுகூட எனக்கு அம்மாமேல்தான் கோபம் வந்தது. உன் எலும்பு உடைந்தபோது வராத இந்தத் தைரியம் என் தாடை பூட்டிக்கொண்டதும் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றியது. கேட்க முடியவில்லை, அதுவும் நல்லதுதான். நடந்ததை எழுதினேன். பீரோவை எழுதினேன், கதவை எழுதினேன், இரண்டு தடவை என்று எழுதினேன். நான் கை நீட்டியதையும் எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

"இங்க கையெழுத்துப் போடு. வெறும் பேரு போடாத, இனிஷியலோட போடணும்."

என் இனிஷியல் அப்பாவின் பெயர். அந்த எழுத்தை முதலில் போட்டேன். புள்ளி வைத்தேன். அப்புறம் என் பெயரை எழுதினேன்.